மரத்தில் பாய்மரக் கப்பல் மாடல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டு மேசையில் மரக்கப்பல் கட்டத் தொடங்கியவர்களும் தொடங்க நினைப்பவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே சேர்த்திருக்கிறேன். பொதுவாகப் பேசினால் பிடி கிடைக்காது என்பதால் ஒரே கப்பலை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்: எச்.எம்.எஸ். டிரின்கோமலி. பிரிட்டிஷ் கடற்படைக்காகப் பம்பாயில் வாடியா குடும்பத்துப் பார்சி கப்பல் தச்சர்கள் தேக்கில் கட்டிய, மூன்று பாய்மரம் கொண்ட ஃபிரிகேட் வகைப் போர்க்கப்பல் இது. 1817 அக்டோபர் 12 அன்று தண்ணீரில் இறங்கியது. 1782-இல் திருகோணமலைக் கடலில் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் நடந்த சண்டையின் நினைவாக அந்தப் பெயர். இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதந்துகொண்டிருக்கிறது. சந்தேகம் வந்தால் பார்த்துக்கொள்ள அசல் கப்பலே இருப்பது மாடல் செய்பவருக்குப் பெரிய கொடுப்பினை.

சில சொற்கள் அடிக்கடி வரும். அணியம் என்பது கப்பலின் முன்புறம், அமரம் பின்புறம். ஏரா என்பது அடிமரம். பருமல் என்பது பாயைக் கட்டும் குறுக்குக் கட்டை.

எனக்குத் தச்சு வேலை சுத்தமா தெரியாது. நான் செய்ய முடியுமா?

முடியும். இந்த வேலையில் பெரிய மரத்தை அறுப்பதோ கனமான இணைப்பு போடுவதோ குறைவு. ஒரு மில்லிமீட்டர் தடிமன் பட்டையை நேராக வெட்டுவது, உப்புத்தாளில் தேய்ப்பது, நூலில் முடிச்சுப் போடுவது, இவைதான் பெரும்பகுதி. தையல் தெரிந்தவர்களும் நகை வேலை தெரிந்தவர்களும் தச்சர்களைவிட வேகமாகப் பிடித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

தேவைப்படுவது ஒரு பழக்கம் மட்டும்: அடுத்த துண்டை ஒட்டும் முன், ஒட்டிய துண்டு சரியா என்று பார்ப்பது. கப்பல் மாடலில் பிழை அங்கேயே நிற்காது. ஏராவில் ஒரு மில்லிமீட்டர் கோணல் இருந்தால் தளத்திலும் பாய்மரத்திலும் அது வளர்ந்துகொண்டே போகும்.

முதல் மாடலே டிரின்கோமலி மாதிரி மூணு பாய்மரக் கப்பல் எடுக்கலாமா?

வேண்டாம் என்றுதான் சொல்வேன். உடல் கட்டுவது சின்னக் கப்பலுக்கும் பெரிய கப்பலுக்கும் கிட்டத்தட்ட ஒரே கலை. வித்தியாசம் எண்ணிக்கையில் இருக்கிறது. ஃபிரிகேட்டின் பிரதான பீரங்கித் தளத்தில் மட்டும் 28 பீரங்கிகள். ஒரு பீரங்கிக்கு ஒரு வண்டி, நான்கு சக்கரம், கயிறுகள். ஒன்று செய்யும்போது இன்பமாக இருக்கும், பதினைந்தாவது செய்யும்போது ஆர்வம் வடியும்.

ஒற்றைப் பாய்மரக் கட்டர் அல்லது இரண்டு பாய்மர ஸ்கூனர் நல்ல தொடக்கம். கப்பலில் ஏற்றிச் சென்ற நீளப் படகை 1:24 அல்லது 1:48 அளவில் செய்வது அதைவிடவும் நல்லது. பலகை போடும் கலை முழுவதையும் அது கற்றுக்கொடுத்துவிடும்.

கிட் வாங்கறதா, இல்ல எல்லாத்தையும் நாமே வெட்டிச் செய்யறதா?

கிட் பெட்டியில் லேசரில் வெட்டிய சட்டங்கள், பலகைப் பட்டைகள், கட்டைகள், கப்பிகள், நூல், வரைபடம் எல்லாம் வந்துவிடும். முதல் மாடலுக்கு அதுவே சரி. ஆனால் பெட்டியில் இருப்பதெல்லாம் சரியாக இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். நூலும் கப்பிகளும்தான் பெரும்பாலும் மட்டமாக இருக்கும். அவற்றை மட்டும் மாற்றினாலே மாடலின் தரம் ஏறிவிடும்.

வரைபடத்தை மட்டும் வைத்து எல்லாவற்றையும் தானே வெட்டுவது அடுத்த படி. பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் பழைய வரைபடங்கள் கிரீனிச் தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, நகல் வாங்கலாம். டிரின்கோமலி லேடா வகுப்பைச் சேர்ந்தது. அந்த வகுப்பின் வடிவம் 1782-இல் பிடிபட்ட ‘எபே’ என்ற பிரெஞ்சுக் கப்பலிலிருந்து எடுக்கப்பட்டது. அதனால் அதே வகுப்புக் கப்பல்களின் வரைபடங்களும் உதவும்.

1:64, 1:96 என்கிறார்களே, அப்படின்னா என்ன? எது நல்லது?

1:64 என்றால் அசலில் 64 மில்லிமீட்டர் இருப்பது மாடலில் 1 மில்லிமீட்டர். டிரின்கோமலியின் பீரங்கித் தள நீளம் சுமார் 45.8 மீட்டர், அகலம் சுமார் 12.2 மீட்டர். 1:64-இல் உடல் 72 சென்டிமீட்டர் நீளம், 19 சென்டிமீட்டர் அகலம் வரும். 1:96-இல் 48-உம் 12.7-உம். அணியத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் முன்மரத்தையும் சேர்த்தால் 1:64 மாடல் ஒரு மீட்டரைத் தொடும், உயரம் முக்கால் மீட்டர் அளவுக்குப் போகும். முதலில் அதை வைக்கப்போகும் இடத்தை அளந்துவிட்டு வாருங்கள்.

பெரிய அளவில் இடம் போகும், சின்ன அளவில் கண் போகும். 170 சென்டிமீட்டர் மனிதர் 1:64-இல் 2.7 சென்டிமீட்டர் இருப்பார், 1:96-இல் 1.8 தான். அந்த மனிதரின் கை பிடிக்கும் கயிற்றை நீங்கள் முடிச்சுப் போட வேண்டும். இடம் இருந்தால் 1:64 எடுங்கள்.

பழைய வரைபடத்தை ஜெராக்ஸ் எடுத்துச் சின்னதாக்கினா போதுமா?

பிரிட்டிஷ் கடற்படை வரைபடங்கள் பெரும்பாலும் கால் அங்குலத்துக்கு ஓர் அடி என்ற கணக்கில், அதாவது 1:48-இல் வரையப்பட்டவை. 75 சதவீதமாகக் குறைத்தால் 1:64, பாதியாகக் குறைத்தால் 1:96. ஆனால் நகல் இயந்திரம் நீளத்தில் ஒரு மாதிரியும் அகலத்தில் ஒரு மாதிரியும் இழுக்கும். வரைபடத்தில் உள்ள அளவுகோலை நீளவாக்கிலும், தெரிந்த ஓர் உயரத்தைக் குறுக்குவாக்கிலும் அளந்து பாருங்கள்.

இன்னொன்று. அந்த வரைபடக் கோடுகள் கப்பல் உடலுக்கு விலா எலும்பு போல நிற்கும் சட்டங்களின் வெளி விளிம்பைக் காட்டுகின்றன. வெளிப்பலகையின் தடிமன் அதில் சேராது. நான்கு அங்குலத் தடிமன் பலகை 1:64-இல் 1.6 மில்லிமீட்டர். ஆகவே கோட்டில் அப்படியே சட்டம் வெட்டி, மொத்தம் ஒன்றரை மில்லிமீட்டர் சுமாருக்குப் பலகை போட்டால் கணக்குச் சரி. தடிமனான இரட்டைப் பலகை போடுவதாக இருந்தால் மிகையாக வரும் அளவைச் சட்டத்திலேயே குறைத்துவிடுங்கள்.

உடலை எத்தனை விதமா கட்டலாம்?

முழுக்கட்டையைச் செதுக்கலாம். பலகைகளை அடுக்கி ஒட்டிச் செதுக்கலாம். நடுச்சட்டத்தில் குறுக்குச் சட்டங்களைச் செருகி அதன்மேல் பலகை போடலாம், பெரும்பாலான கிட்கள் இந்த வகை. அசல் கப்பல் போலவே ஒவ்வொரு விலாவையும் துண்டு துண்டாகச் சேர்த்துக் கட்டலாம்.

கடைசி வகைதான் இந்தக் கலையின் உச்சம். 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் பிரிட்டிஷ் கடற்படைக்காகச் செய்த மாடல்கள் பல 1:48 அளவில், அடிப்பகுதியில் பலகை போடாமல் விலாக்கள் தெரியும்படி நிற்கின்றன. அமெரிக்காவில் அனாபொலிஸ் கடற்படைக் கல்லூரி அருங்காட்சியகத்தில் உள்ள ரோஜர்ஸ் தொகுப்பில் அப்படிப்பட்டவை நிறைய உண்டு. படத்தில் பார்த்தாலும் மூச்சு நின்றுபோகும். ஆனால் பலகை போடும் கலை கைவந்த பிறகே அங்கே போக வேண்டும்.

என்னென்ன கருவி வாங்கணும்?

கூர்மையான சின்னக் கத்தியும் நிறைய பிளேடும், மெல்லிய பல் ரம்பம், இரும்பு அளவுகோல், சின்ன இழைப்புளி, ஊசி அரங்கள், கையால் திருகித் துளையிடும் பின் வைஸ், வளைந்த முனை உள்ள சாமணம், 80 முதல் 320 வரை உப்புத்தாள். துணி காயப்போடும் கிளிப்புகள் ஒரு டஜன். இவ்வளவு போதும். மின்கருவிகள் வேலையை வேகப்படுத்தும், அதே வேகத்தில் மரத்தைத் தின்றுவிடும்.

தேய்க்கும்போது முகமூடி கட்டாயம். மரத்தூள் நுரையீரலுக்குக் கெடுதல். ‘சின்ன வேலைதானே’ என்று விடாதீர்கள்.

எந்த மரம் நல்லது? இங்க கிடைக்குமா?

ரேகையும் நுண்துளையும் கண்ணுக்குத் தெரியாத மரம் வேண்டும். மேல்நாட்டுக்காரர்கள் பேரி, பாக்ஸ்வுட், ஹோலி ஆகியவற்றை விரும்புவார்கள். கிட்களில் லைம், வால்நட் வரும். நம் பக்கத்தில் மஞ்சக்கடம்பு அருமையான மரம்: மஞ்சள் நிறம், சீரான நெருக்கம், செதுக்கினால் பிசிறு வராது. வெட்பாலை இன்னும் வெண்மை. கர்நாடகத்துச் சென்னபட்டணம் மரப்பொம்மைகள் கடைவது அதில்தான். தளப் பலகைக்கு அந்த வெண்மை நன்றாகப் பொருந்தும்.

நல்ல காய்ந்த கட்டையாக வாங்கி, தச்சுப் பட்டறையில் கொடுத்து மெல்லிய தகடாக அறுத்து வாங்குங்கள். பச்சை மரத்தில் கட்டினால் ஒரே கோடையில் பலகைகளுக்கு நடுவே வெடிப்பு விழும்.

அசல் கப்பல் தேக்கு. அப்போ மாடலும் தேக்குல செஞ்சாத்தானே சரி?

ஆசை நியாயமானது. டிரின்கோமலி இருநூறு ஆண்டு தாண்டி நிற்பதற்கே தேக்குதான் முக்கியக் காரணம். ஆனால் மரத்தை 64 மடங்கு சிறிதாக்கினாலும் அதன் துளைகள் சிறிதாவதில்லை. மாடலில் தேக்கின் துளைகள் பெரிய கீறல்களாகத் தெரியும். அதில் உள்ள எண்ணெய்ப் பசை ஒட்டுவதையும் கெடுக்கும்.

தேக்கு போலத் தெரிய வேண்டும் என்றால் நெருக்கமான மரத்தை எடுத்து நிறமேற்றுங்கள். தேக்கையே சேர்க்க மனம் கேட்டால் மாடல் நிற்கும் பீடத்தை அதில் செய்யலாம். இன்னொரு யோசனை: 1816 மே மாதம் கட்டுமானம் தொடங்கியபோது தலைமைத் தச்சர் ஜாம்ஷெட்ஜி போமன்ஜி வாடியா பார்சி வழக்கப்படி ஏராவில் ஒரு வெள்ளி ஆணி அடித்தார். உங்கள் ஏராவிலும் ஒரு சின்ன வெள்ளிக் கம்பியைப் பொதியுங்கள். வெளியே தெரியாது. கப்பலுக்குச் செய்யும் மரியாதை அது.

பலகை ஒட்டின பிறகு உடம்பு மேடும் பள்ளமுமா இருக்கு. ஏன்?

பலகை போடும் முன் சட்டங்களைச் சரிவு சீவாததால். என் காதில் அதிகம் விழுந்த கேள்வி இதுதான், அதனால் சற்று நிதானமாகச் சொல்கிறேன். குறுக்குச் சட்டங்கள் செங்குத்து விளிம்போடு வெட்டப்பட்டு வரும். ஆனால் பலகை அணியத்தை நோக்கி வளைந்து போகும்போது சட்டத்தைச் சாய்வாகத் தொடுகிறது. விளிம்பைச் சாய்வாகத் தேய்க்காவிட்டால் பலகை ஒரு கூரான முனையில் மட்டும் உட்காரும். அங்கே மேடு, அடுத்த சட்டம் வரை பள்ளம்.

வழி இது. சட்டங்கள் எல்லாம் காய்ந்ததும் ஒரு நீளப் பலகைப் பட்டையை எடுத்து, ஒட்டாமல், பல உயரங்களில் உடலின் மேல் வளைத்துப் பிடித்துப் பாருங்கள். ஒவ்வொரு சட்டத்தின் முழு விளிம்பையும் அது தொட வேண்டும். தொடாத இடத்தில் மெல்லிய மரச்சீவல் ஒட்டி உயர்த்துங்கள், இடிக்கும் இடத்தில் தேயுங்கள். உப்புத்தாளை நீளமான மரப்பட்டையில் ஒட்டி, ஒரே நேரத்தில் இரண்டு மூன்று சட்டங்கள் மேல் போகும்படி தேய்த்தால் சீராக வரும். அணியத்தில் முதல் இரண்டு சட்டங்களுக்கு நடுவே பால்சா என்ற மிக மென்மையான மரக் கட்டை வைத்து நிரப்பிச் செதுக்கிவிடுங்கள், அங்கேதான் வளைவு கடுமை. இந்த வேலையில் அவசரப்பட்ட மாடலை வண்ணமும் வார்னிஷும் காப்பாற்றாது.

நடுச்சட்டமே வளைந்திருந்தால் இதெல்லாம் வீண். பிளைவுட் நடுச்சட்டத்தைக் கண்ணாடிப் பலகைமேல் வைத்துப் பாருங்கள். வளைவு இருந்தால் சட்டங்களைச் செருகும் முன்பே நேராக்குங்கள்.

அணியத்துப் பக்கம் பலகைகள் ஒண்ணு மேல ஒண்ணு ஏறுதே?

கப்பலின் நடுவில் சுற்றளவு அதிகம், முனையில் குறைவு. ஒரே அகலப் பலகையை இரண்டு இடத்திலும் போட்டால் முனையில் இடம் பற்றாது. எனவே முனையை நோக்கிப் பலகையைக் கூராக்க வேண்டும். எவ்வளவு என்பதைக் கண்ணால் முடிவுசெய்யாதீர்கள். ஒரு காகித நாடாவை நடுச் சட்டத்தில், மேல்பட்டையிலிருந்து ஏரா வரை ஒட்டி அளவு எடுங்கள். 160 மில்லிமீட்டர் வருகிறது, பலகை 5 மில்லிமீட்டர் என்றால் 32 பலகை. அதே நாடா முறையில் அணியத்துச் சட்டத்தில் 90 வருகிறது என்றால், 90-ஐ 32-ஆல் வகுத்து 2.8. ஒவ்வொரு பலகையும் அங்கே 2.8 மில்லிமீட்டராகக் குறுக வேண்டும். எல்லாச் சட்டத்திலும் இப்படிக் குறித்துவிட்டால் பலகை எங்கே போக வேண்டும் என்று சட்டமே சொல்லும்.

ஒரு விதி உண்டு: பலகை தன் முழு அகலத்தில் பாதிக்கும் கீழே குறுகக் கூடாது. கணக்கில் 2.5-க்குக் கீழே வந்தால் இரண்டு பலகைகளை ஒன்றில் முடித்துச் சேர்க்க வேண்டும். அமரத்தின் அடிப்பக்கம் இதற்கு நேர்மாறு. அங்கே இடம் விரியும், ஆப்பு வடிவத் துண்டு செருக வேண்டும். இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் இரண்டு என்று மாறி மாறிப் போடுங்கள். ஒரு பக்கம் முழுவதையும் முடித்துவிட்டு மறுபக்கம் வந்தால் உடல் முறுக்கிக்கொள்ளும்.

பலகையை எவ்வளவு நேரம் தண்ணில ஊற வைக்கணும்?

இரவெல்லாம் ஊறவைக்கத் தேவையில்லை. மரத்தை வளைய வைப்பது முக்கியமாகச் சூடு. ஒரு மில்லிமீட்டர் பட்டைக்குச் சில நிமிடம் சுடுநீர் போதும், பிறகு சூடான இஸ்திரிப் பெட்டியின் முனையில் மெல்ல வளைக்கலாம். லைம் எளிதில் வளையும், வால்நட் முறுக்கினால் படக்கென்று ஒடியும்.

வளைத்ததை கிளிப் போட்டு முழுதாகக் காயவிட்ட பிறகே ஒட்டுங்கள். ஈர மரம் அகலத்தில் உப்பியிருக்கும். அப்படியே ஒட்டினால் காய்ந்ததும் இடைவெளி விழும்.

பெவிகாலா, சூப்பர் க்ளூவா?

உடலுக்குப் பெவிகால் வகை வெள்ளைப் பசை. பிடிக்கச் சற்று நேரம் ஆகும், அந்த நேரத்தில் திருத்தலாம். தப்பாக ஒட்டினாலும் ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தடவி மெல்ல எடுத்துவிட முடியும். சூப்பர் க்ளூ மரத்தில் ஊறிக் கறை விடும், அந்த இடம் பிறகு நிறம் ஏறாது. உலோகத்துக்கும் செம்புத் தகட்டுக்கும் மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

தளப் பலகைக்கு நடுவுல கறுப்புக் கோடு எப்படி வரும்? மர ஆணி வைக்கணுமா?

அசல் கப்பலில் பலகை இடுக்கில் நார் திணித்து மேலே கீல் (தார் போன்ற கறுப்புப் பசை) ஊற்றுவார்கள். அந்தக் கோடு சுமார் ஒரு சென்டிமீட்டர் என்று வைத்தாலும் 1:64-இல் 0.15 மில்லிமீட்டர்தான். பலகையின் பக்கவாட்டு விளிம்பில் பென்சில் தேய்த்து ஒட்டினாலே அந்த மெல்லிசு வந்துவிடும். கறுப்பு நூல் வைத்தால் தடித்துத் தெரியும்.

ஆணிக்கும் அதே கணக்கு. ஒன்றரை அங்குல மர ஆணி 0.6 மில்லிமீட்டர் வரும். மூங்கிலைச் சீவி, பொற்கொல்லர் கம்பி இழுக்கும் கம்பியச்சின் துளைகளில் படிப்படியாக இழுத்தால் அவ்வளவு மெல்லிய குச்சி கிடைக்கும். நல்ல நாரோட்டம் உள்ள மூங்கில்தான் இதற்கு ஏற்றது. பலகை நிறத்தை ஒட்டியே ஆணி இருக்கட்டும். தளம் முழுக்கக் கறுப்புப் புள்ளி தெரிந்தால் அளவுணர்வு போய்விடும். அதற்கு ஆணி வைக்காமலே விடலாம்.

அடிப்பகுதிக்குச் செம்புத் தகடு எப்படிப் போடறது?

மரப்புழு துளைக்காமலும் பாசி பிடிக்காமலும் இருக்க 18-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியிலிருந்து பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் அடியில் செம்பு போர்த்தின. ஒரு தகடு 4 அடி நீளம், 14 அங்குல அகலம். 1:64-இல் 19 மில்லிமீட்டருக்கு 5.6 மில்லிமீட்டர். வண்ணக் கண்ணாடி வேலைக்கு விற்கும், பின்னால் பசையுள்ள கால் அங்குலச் செம்பு நாடா இதற்குக் கிட்டத்தட்டப் பொருந்தும். ஓரத்தைச் சற்று ஒன்றன்மேல் ஒன்று ஏற்றினால் அளவு சரியாகிவிடும்.

அமரத்தில் தொடங்கி அணியத்தை நோக்கிப் போங்கள். அப்போதுதான் முன்தகட்டின் ஓரம் பின்தகட்டின் மேல் ஏறும், ஓடும் தண்ணீர் இடுக்கில் புகாது. விரல் ரேகை செம்பில் பச்சையாகப் பதியும் என்பதால் ஒட்டி முடித்ததும் துடைத்துவிடுங்கள். நாளாக ஆகத் தானே மங்கிப் பழுப்பாவதுதான் அழகு. பளபளப்புக்காக வார்னிஷ் அடிக்காதீர்கள்.

ஒரே கப்பலுக்கு ரெண்டு படம் பார்த்தேன், பின்பக்கம் வேற வேற மாதிரி இருக்கு. எது சரி?

இரண்டுமே சரியாக இருக்கலாம். கப்பலின் பெயரை முடிவுசெய்தால் மட்டும் போதாது, எந்த ஆண்டுக் கப்பல் என்பதையும் முடிவுசெய்ய வேண்டும். டிரின்கோமலி 46 பீரங்கி ஃபிரிகேட்டாகக் கட்டப்பட்டது. 1819-இல் போர்ட்ஸ்மத் வந்து சேர்ந்தபின் நெடுங்காலம் சும்மா நிறுத்தி வைக்கப்பட்டது. 1845-இல் அமரத்தை நீள்வட்டமாக மாற்றி, எண்ணிக்கையில் குறைந்த ஆனால் பெரிய பீரங்கிகளோடு 26 பீரங்கிக் கார்வெட் என்ற, ஃபிரிகேட்டைவிடச் சிறிய போர்க்கப்பல் வகையாக்கினார்கள். 1897-க்குப் பிறகு ‘ஃபூத்ரோயான்’ என்ற பெயரில் பயிற்சிக் கப்பல். 2001-இல் மறுசீரமைப்பு முடிந்தது.

1817-இன் உடலோடு 1845-இன் பீரங்கிகளையும் இன்றைய வண்ணத்தையும் கலந்தால் எந்த நாளிலும் இல்லாத கப்பல் ஒன்று வந்துவிடும். ஒரு ஆண்டை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். படகு, நங்கூரச் சங்கிலி, சிற்பம், வண்ணம் என்று பின்னால் வரும் அத்தனை கேள்விக்கும் அதுதான் பதில். மரம் வாங்கும் முன்பே இது முடிவாக வேண்டும்.

பீரங்கி ஜன்னலை நேரா வெட்டினேன், ஆனா பார்க்க கோணலா இருக்கே?

ஜன்னலின் பக்கக் கோடுகள் நீர்மட்டத்துக்குச் செங்குத்தாக நிற்கும். மேல், கீழ்க் கோடுகள் தளத்தின் வளைவோடு சேர்ந்து ஏறும். தளம் நடுவில் தாழ்ந்து இரு முனையிலும் உயர்வதால், அணியத்திலும் அமரத்திலும் ஜன்னல் சதுரமாக இராது, லேசாகச் சரிந்த நாற்கோணமாக இருக்கும். வெட்டும் முன் ஒரு பீரங்கியை வண்டியோடு தளத்தில் வைத்துப் பாருங்கள். குழாய் ஜன்னலின் நடுவில் வர வேண்டும்.

வரைபடத்துல 8 அங்குலக் கயிறுன்னு இருக்கு. அவ்வளவு தடியாவா இருக்கும்?

அது விட்டம் அல்ல, சுற்றளவு. பழைய கப்பல் கணக்குகளில் கயிற்றை எப்போதும் சுற்றளவாலேயே சொல்வார்கள். 8-ஐ 3.14-ஆல் வகுத்தால் விட்டம் சுமார் 2.55 அங்குலம், அதாவது 65 மில்லிமீட்டர். 64-ஆல் வகுத்தால் மாடலில் 1 மில்லிமீட்டர் நூல். இதைத் தெரியாமல் மூன்று மடங்கு தடித்த கயிறு கட்டிய மாடல்கள் ஏராளம். உடல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் தூரத்திலேயே பொம்மை போலத் தெரிந்துவிடும்.

எந்த நூல்? என்ன நிறம்?

பாய்மரத்தைத் தாங்கி நிற்கும் கயிறுகளுக்குத் தார் பூசுவார்கள், ஆகவே அடர்பழுப்பு அல்லது கறுப்பு. பாயையும் பருமலையும் இழுக்கும் கயிறுகள் வெளிர்சணல் நிறம். பருத்தி நூல் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் பிசிறும், மழைக்கால ஈரத்தில் இறுகும், வெயிலில் தளரும். நம் கடலோர ஊர்களுக்குப் பாலியஸ்டர் நூல் பாதுகாப்பு. எந்த நூலானாலும் தேன்மெழுகுக் கட்டியில் ஒரு முறை இழுத்தால் பிசிறு அடங்கும்.

கயிறு கட்டுவதை எங்கிருந்து தொடங்கறது? பார்த்தாலே தலை சுத்துது.

உள்ளிருந்து வெளியே, கீழிருந்து மேலே. முதலில் அடிப் பாய்மரங்களின் பக்கக் கயிறுகள்: வலப்பக்க முன் இணை, இடப்பக்க முன் இணை, மறுபடி வலப்பக்க அடுத்த இணை என்று மாறி மாறி. அப்புறம் முன்னோக்கி இழுக்கும் தாங்கு கயிறுகள். இவற்றின் கண்ணி பக்கக் கயிறுகளின் மேல்தான் உட்கார வேண்டும். பருமல்களில் வரும் கப்பிகளை எல்லாம் மேசையில் வைத்தே கட்டிவிட்டு, பிறகு பருமலை ஏற்றுங்கள். மேலே போன பிறகு கப்பி கட்டுவது கொடுமை.

பக்கக் கயிறுகளுக்குக் குறுக்கே மாலுமிகள் ஏறக் கட்டும் ஏணிக் கயிறுகள் 15 அங்குல இடைவெளியில், 1:64-இல் 6 மில்லிமீட்டருக்கு ஒன்றாக வரும். ஒரு அட்டையில் 6 மில்லிமீட்டர் கோடு போட்டுப் பின்னால் வைத்துக்கொண்டு கட்டுங்கள். இறுக்கி இழுத்தால் பக்கக் கயிறு உள்ளே வளைந்து இடுப்பு ஒடுங்கியது போல ஆகிவிடும். ஒரே மூச்சில் முடிக்க நினைக்காமல் தினம் சில வரிசை போதும்.

பாய் வைக்கலாமா, வேண்டாமா?

என் கருத்து, விரித்த பாய் வேண்டாம். 0.2 மில்லிமீட்டர் துணி கூட அசல் கணக்கில் 13 மில்லிமீட்டர் தடிமன், அது கம்பளம். தவிர, இவ்வளவு பாடுபட்டுக் கட்டிய கயிறுகளை அது மறைக்கும். பாய் வேண்டும் என்றால் சுருட்டிக் கட்டிய பாயாக, மெல்லிய டிஷ்யூ காகிதத்தில் செய்யுங்கள். முழு உயரத்துக்கு எடுக்காமல் மூன்றில் ஒரு பங்கு எடுத்தாலே சுருள் சரியான பருமனில் வரும்.

பாய் இல்லாத கப்பலில் மேல் பருமல்கள் உச்சியில் நிற்பதில்லை. பாய் விரிக்கத்தான் அவற்றை ஏற்றுவார்கள், இல்லாதபோது இறக்கி வைத்திருப்பார்கள். பல கிட் வரைபடங்களில் இது தவறாகவே இருக்கிறது.

முடிக்க எவ்வளவு நாள் ஆகும்?

விடுமுறை நாட்களில் மட்டும் செய்தால் சின்ன ஸ்கூனருக்கே பல மாதம். ஃபிரிகேட்டுக்குச் சில வருடம் ஆவது சாதாரணம். நாள் குறித்துக்கொண்டு செய்யாதீர்கள்.

நம்ம ஊர் தோணியைச் செய்யலாமா? அதுக்கு வரைபடமே இல்லையே?

கட்டாயம் செய்ய வேண்டும். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிய தோணிகளும், இலங்கையின் வல்வெட்டித்துறையில் கட்டிய கப்பல்களும் இந்த மேசைகளில் நிற்க முழுத் தகுதி உள்ளவை. வல்வெட்டித்துறையில் கட்டிய ‘அன்னபூரணி’ அவ்வூர் மாலுமிகளோடு கடல் கடந்து 1938-இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை போனது. இவற்றை ஊர்த் தச்சர்கள் கட்டியது கணக்கையும் கண்ணளவையும் நம்பி. அதனால் நாம்தான் அளக்க வேண்டும்: கரையில் ஏறிய பழைய உடல் கிடைத்தால் ஏரா நீளம், ஒவ்வொரு மீட்டருக்கும் அகலமும் உயரமும், பலகை அகலம், எல்லாவற்றையும் குறித்துப் படமும் எடுங்கள். கட்டிய தச்சர் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். இப்படி ஒரு தோணியை அளந்து செய்வது பத்து கிட் முடிப்பதைவிடப் பெரிய காரியம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அந்த அளவுகள் வேறெங்கும் இல்லாமல் போகலாம்.

கண்ணாடிப் பெட்டி அவசியமா?

அவசியம். ஏணிக் கயிறுகளில் படிந்த தூசியை யாராலும் முழுதாக எடுக்க முடியாது. பெட்டி காற்றுப் புகாமல் இறுக்கமாக இருக்க வேண்டாம், அடியில் சின்னத் துளைகள் விடுங்கள். ஓக் மரத்திலும் எம்.டி.எஃப். பலகையிலும் பெட்டியின் உட்புறம் அமையக் கூடாது. அவை விடும் அமில ஆவி ஈயத்தைத் தின்றுவிடும். ஈயத்தில் வார்த்த பீரங்கியும் நங்கூரமும் வெள்ளைப் பொடியாக உதிர்வது இதனால்தான். நேர் வெயில் படாத சுவர் பார்த்து வையுங்கள்.

தாத்தா செஞ்ச பழைய மாடல் கயிறு அறுந்து கிடக்கு. பிரிச்சுப் புதுசா கட்டட்டுமா?

பிரிக்க வேண்டாம். முதலில் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள், எந்தக் கயிறு எங்கே போகிறது என்று வரைந்து வையுங்கள். மென்மையான தூரிகையால் தூசியை மட்டும் தட்டுங்கள். உடலில் அழுக்கு இருந்தால் பஞ்சுக் குச்சியில் எச்சில் தொட்டுத் துடைக்கலாம், அருங்காட்சியகப் பராமரிப்பாளர்களும் கையாளும் முறை அது. அறுந்த கயிற்றை மட்டும் அதே தடிமன் நூலால் மாற்றி, எடுத்த பழைய நூலைக் காகித உறையில் போட்டு, எங்கிருந்து எடுத்தது என்று எழுதி மாடலோடு வைத்துவிடுங்கள். தாத்தாவின் முடிச்சு நாம் போடுவதைவிட மட்டமாக இருந்தாலும் அது இருக்கட்டும்.